சிங்கப்பூரில் முலாம் பூசும் பட்டறை தொடங்க என்இஏ அனுமதி எப்படி வாங்குவது?

கேள்வி இது: "கோவையில் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனரோடு சேர்ந்து ஜூரோங் பக்கம் நிக்கல், குரோம் முலாம் பூசும் சிறிய யூனிட் தொடங்கப் போகிறோம். இடம் பார்த்தாகிவிட்டது, லீஸ் பேசி முடித்தாகிவிட்டது. இங்கே போல அங்கேயும் இசைவாணை உண்டா? எப்போது விண்ணப்பிப்பது? அபராதம் எப்படிப் போடுவார்கள்?"

லீஸில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவ ஓர் இசைவாணை, இயக்க ஓர் இசைவாணை என்று வாங்கிப் பழகியிருப்பீர்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று தொழிலுக்கு நிறம் இருக்கும். சிங்கப்பூரில் முதல் கேள்வியே இடம்தான்: இந்த முகவரியில் இந்தத் தொழில் செய்யலாமா? தேசிய சுற்றுப்புற வாரியம், அதாவது என்இஏ, தொழில்களை நான்காகப் பிரிக்கிறது. தூய தொழில், இலகு தொழில், பொதுத் தொழில், சிறப்புத் தொழில். குடியிருப்புக்கும் தொழிலுக்கும் நடுவே இலகு தொழிலுக்கு 50 மீட்டர், பொதுத் தொழிலுக்கு 100 மீட்டர், சிறப்புத் தொழிலுக்குக் குறைந்தது 500 மீட்டர் இடைவெளி வேண்டும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நில வகைப்பாடும் இதையொட்டியே இருக்கிறது. பி1 நிலத்தில் 50 மீட்டருக்குள் அடங்கும் தொழில்கள் மட்டும். அதைத் தாண்டினால் பி2. அமிலமும் குரோமியமும் புழங்கும் பட்டறைக்கு பி1 கட்டடத்து மாடியில் யூனிட் பார்த்திருந்தால், எவ்வளவு நல்ல சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி வைத்தாலும் பேச்சு முன்னே நகராது. கட்டடத்தில் பக்கத்து யூனிட்காரர் ஏதோ ரசாயனம் வைத்திருக்கிறார் என்பதும் உங்களுக்கு உதவாது. அவர் எந்த அனுமதியில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

எனவே யூனிட்டைப் பேசும்போதே என்இஏ-வின் தொழிலிட ஒப்புதலுக்கு விவரங்களைக் கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். யூனிட்டின் உரிமையாளர் காத்திருக்க மறுத்தால், "ஒப்புதல் கிடைக்காவிட்டால் லீஸ் ரத்து, முன்பணம் திரும்பும்" என்று ஒரு விதியாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது தொழிலை விவரிக்கும் இடத்தில். "உலோக வேலை" என்று ஒரு வரி எழுதினால் திருப்பிக் கேள்விதான் வரும். ஒவ்வொரு தொட்டியிலும் என்ன கரைசல், எத்தனை லிட்டர், எவ்வளவு சூடு. மாதம் எந்த ரசாயனம் எத்தனை கிலோ உள்ளே வருகிறது. கழுவுநீர் நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர். சகதி எவ்வளவு, யார் எடுத்துப் போவார்கள். அமில ஆவி எந்தக் குழாய் வழியாக எந்த ஸ்க்ரப்பருக்கு, அதாவது ஆவியைக் கழுவிச் சுத்தமாக்கும் கருவிக்கு, போகிறது. இத்தனையும் தரை வரைபடத்தோடு இருந்தால் கோப்பு வேகமாக நகரும். எழுதியது பிறகு உங்களைக் கட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். நிக்கல் மட்டும் என்று வாங்கிய ஒப்புதலில் ஆறு மாதம் கழித்து ஒரு குரோம் தொட்டியைச் சேர்த்தால் அது அனுமதியில்லாத வேலை.

இட ஒப்புதலுக்குப் பிறகு மூன்று தனித்தனிப் பாதைகள். கட்டட மாற்றம் இருந்தால் தகுதிபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைபடம் தாக்கல் செய்வார். பட்டியலிட்ட ரசாயனங்களை வாங்க, வைக்க, பயன்படுத்த என்இஏ-வின் அபாயப் பொருள் பெர்மிட் வேண்டும். இறக்குமதி செய்யவும் விற்கவும் வேண்டுமானால் லைசென்ஸ், அது வேறு. சில பொருள்களுக்குக் குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே விலக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு ரசாயனத்தோடும் வரும் பாதுகாப்புத் தாளை எடுத்து வைத்து என்இஏ-வின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மூன்றாவது, கழிவுநீரைச் சாக்கடைக்குழாயில் விட பொதுப் பயனீட்டுக் கழகத்தின், அதாவது பியூபியின், எழுத்து ஒப்புதல். என்இஏ ஒத்துக்கொண்டால் பியூபியும் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

உங்கள் தொழிலில் உண்மையான தலைவலி இந்தக் கழிவுநீர்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாக்கடைக்குழாயில் விடும் நீர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, பிஎச், அதாவது அமில-கார அளவு, 6 முதல் 9 வரை. லிட்டருக்கு நிக்கல் 10 மில்லிகிராம், துத்தநாகம் 10, செம்பு 5, குரோமியம் 5, சயனைடு 2. இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. இங்கே சாக்கடைக்குழாயில் போகும் நீர் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டர் என்ற மறுபயன்பாட்டு நீராகத் திரும்பி வருகிறது. உலோகம் அதிகமாகப் போனால் சுத்திகரிப்பு ஆலையின் நுண்ணுயிர்கள் சாகும்.

நிக்கலும் குரோமும் ஒரே தொட்டியில் சுத்திகரிக்கப்படும் பட்டறைகள்தான் பெரும்பாலும் பரிசோதனையில் தோற்கின்றன. குரோம் தொட்டியிலிருந்து வரும் ஆறு இணைதிற குரோமியம் காரத்தில் திடமாகப் படியவே படியாது. முதலில் பிஎச்சை 2 முதல் 3-க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறமாக மாற்ற வேண்டும். மஞ்சள் போய்ப் பச்சை வரும். பிறகு காஸ்டிக் சோடா விட்டு பிஎச்சை 8 முதல் 8.5-க்கு ஏற்றினால் படியும். ரொம்ப ஏற்றினால் படிந்தது மறுபடி கரையத் தொடங்கும். நிக்கலோ கிட்டத்தட்ட 10-ல்தான் ஒழுங்காகப் படிகிறது. இரண்டையும் கலந்து 9-ல் நிறுத்தினால் நிக்கல் மிஞ்சும், 10-க்குக் கொண்டுபோனால் குரோமியம் மிஞ்சும். அதனால் கழுவுநீர்க் குழாய்களைத் தொடக்கத்திலேயே பிரித்துப் போடுங்கள். நிக்கல் படிந்த பிறகு வெளியே விடும் முன் பிஎச்சை 9-க்குக் கீழே இறக்கவும் மறக்கக் கூடாது. உலோகம் எல்லாம் சரியாக இருந்து, பிஎச் ஒன்றினாலேயே தோற்பதும் நடக்கிறது.

எண் கொஞ்சம் கூடினால் குழாய்நீரைக் கலந்து இறக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கழிவுநீரை நீர்த்துப்போகச் செய்வது தனியாகவே தடை செய்யப்பட்டது. அதைவிட, பொருள்களைத் தொங்கவிடும் ராக்கைத் தூக்கியதும் தொட்டிக்கு மேலேயே பத்துப் பதினைந்து விநாடி சொட்டவிடப் பழக்குங்கள். கழுவுநீரில் போகும் உலோகம் அங்கேயே குறையும், காசும் மிஞ்சும்.

பின்னால் செம்பு சயனைடு தொட்டி வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் குழாய், டிரம், தரைவடிகால் எல்லாம் அமிலப் பக்கத்திலிருந்து முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். இரண்டும் கலந்தால் வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு வாயு. உயிர் போகும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

சகதியிலிருந்து நீரைப் பிழியும் வடிகட்டி அழுத்தியில் சேரும் சகதி நச்சுத் தொழிற்கழிவு. சாதாரணக் குப்பை லாரியில் ஏற்றக் கூடாது. அதற்கென உரிமம் பெற்ற நிறுவனம்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர் மூவரும் அனுப்புகைச் சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தொடங்கி வைப்பது உங்கள் வேலை. வாங்கிய ரசாயனத்தின் அளவும் வெளியே போன சகதியின் அளவும் பொருந்தாவிட்டால், மீதி எங்கே போனது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இப்போது அபராதம். அதிகாரிகள் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். பொதுச் சாக்கடையில் சேரும் முன் உள்ள கடைசித் தொட்டியில் மாதிரி எடுப்பார்கள். அதன் மூடிமேல் பலகையும் டிரம்மும் அடுக்கி வைத்திருப்பது முதல் கெட்ட பெயர். சிறிய மீறல்களுக்கு எச்சரிக்கைக் கடிதமோ, நீதிமன்றம் போகாமல் கட்டித் தீர்க்கும் தண்டத்தொகையோ வரும். தொகையைக் குறித்த நாளுக்குள் கட்டினால் வழக்கு இல்லை, கட்டத் தவறினால் நீதிமன்றம்.

பெரிய ஆபத்து வெளியே இருக்கும் மழைநீர் வடிகாலில்தான். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே வடிகாலில் விழுந்தது நீர்த்தேக்கத்துக்குப் போகும். காலி டிரம்மைக் கதவுக்கு வெளியே வைத்துக் கழுவுவது, கூரையில்லாத இடத்தில் அமில கேன் வைப்பது, பம்ப் ஹோஸ் கழன்று தரை வழியே வாசலைத் தாண்டி ஓடுவது, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நச்சுப் பொருளை நீர்நிலையில் விட்டதாக முதல்முறை நிரூபணமானால் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை என்றால் குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயம், கூடவே 100,000 வெள்ளி வரை அபராதம். நிறுவனத்தோடு இயக்குநர்மீதும் பொறுப்பு விழலாம், எனவே உங்கள் மைத்துனர் பெயரை மட்டும் போட்டுவிட்டு நீங்கள் கோவையில் நிம்மதியாக இருக்க முடியாது. வேலை நடக்கும் பகுதியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் திண்டு கட்டுங்கள். மிகப் பெரிய தொட்டி உடைந்தாலும் முழுவதும் உள்ளேயே நிற்க வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தியாவிலிருந்து வருபவர்கள் அடுத்துக் கேட்பது அதுதான். இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. திட்ட அனுமதியின் ஒரு பகுதியாக, இயற்கைப் பகுதிகளுக்கு அருகே வரும் கட்டுமானங்களுக்கும் பெரிய திட்டங்களுக்கும் கேட்கிறார்கள். குறுக்குத் தீவு ரயில்பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குக் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று 2019 டிசம்பரில் முடிவானதற்கு முன் நீண்ட ஆய்வும் விவாதமும் நடந்தன. 2021-ல் கிராஞ்சியில் ஆய்வு முடியும் முன்பே சுமார் 4.5 ஹெக்டேர் காடு தவறாக அழிக்கப்பட்டது வெளிவந்து, மேற்பார்வையில் இருந்த ஓட்டைகள் பேசப்பட்டன. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் ஏற்கெனவே தொழிற்பேட்டையில் இருக்கும் உங்கள் சிறிய யூனிட்டுக்கு அந்த மதிப்பீடு தேவைப்படாது.

நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றே செய்ய வேண்டியது ஒன்று: கசிவையோ வெளியேற்றத்தையோ நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். பதிலில், எந்த வால்வு, எந்த நேரம், ஏன் நடந்தது, என்ன மாற்றினீர்கள், மாற்றிய பிறகு எடுத்த ஆய்வகப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதை நாள் நேரத்தோடு எழுதுங்கள். குறைக்கக் கேட்டு முறையிடுவதானாலும் கெடு முடியும் முன் எழுத்தில் போக வேண்டும். "இனி நடக்காது" என்று மட்டும் எழுதிய கடிதம் எதையும் நகர்த்தாது. மாற்றிய வால்வின் படமும் ஆய்வக அறிக்கையும் சேர்ந்த கடிதத்தை அதிகாரி கோப்பில் வைத்துப் படிப்பார். அடுத்த மாதிரி எடுக்க வரும்போது அந்தக் கோப்பும் அவர் கையில் இருக்கும்.