தூங்கும் கிருமியும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

ஐயா,

நீட் மதிப்பெண் குறைந்த பிறகு மகள் "கிருமி ஆராய்ச்சி" என்கிறாள், நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் இது மூன்று ஆண்டில் முடிகிற படிப்பு அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மருந்து கொடுத்த பிறகும் சில கிருமிகள் சாகாமல் மிஞ்சுவது ஏன் என்று அவள் பிடித்திருப்பது நல்ல கேள்வி. மருந்தை எதிர்க்கும் கிருமி வேறு, தாங்கிக்கொள்ளும் கிருமி வேறு. முதலாவது மரபணுவின் பலத்தால் மருந்தைச் செல்லாக்காசாக்குகிறது. இரண்டாவது அப்படியெல்லாம் மாறுவதில்லை. மருந்து இருக்கும்வரை தூங்கிக்கிடந்து, நின்றதும் எழுந்து பெருகுகிறது. பெனிசிலினுக்குத் தப்பி மிஞ்சிய இத்தகைய பாக்டீரியாக்களைப் பற்றி அயர்லாந்தின் ஜோசப் பிக்கர் 1944இலேயே எழுதினார். பெனிசிலின், கிருமி தன் செல்சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து. கட்டுமானமே நடக்காத இடத்தில் அது எதைக் கெடுக்கும்?

2011இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் இப்படித் தூங்கும் கிருமிகளுக்கு ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு மேனிடால், குளுக்கோஸ் போன்ற சர்க்கரை வகைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி அவற்றை எரிக்கத் தொடங்கியதும் அதன் சவ்வில் புரோட்டான் விசை, அதாவது சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் அளவு வேறுபடுவதால் வரும் விசை, ஏறியது. அந்த விசையே மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டது, கிருமி செத்தது. எலிகளிலும் இது பலித்தது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஆய்வு இது. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருப்பதற்கும் இந்தத் தூக்கம் ஒரு முக்கியக் காரணம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956 முதல் அந்த நோயோடு போராடி வருகிறது.

இதில் ஓடுவதெல்லாம் உயிர்வேதியியல். பிளஸ் ஒன் பாடத்தில் சுவாசித்தலும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியும் வந்திருக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு விளக்கினால் பி.எஸ்சி. உயிர்வேதியியலில் சேருங்கள், நுண்ணுயிரியலும் தவறல்ல. மனப்பாடமாக ஒப்பித்தால் சற்று யோசிக்க வேண்டும்.

எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM), உயிரித்தொழில்நுட்பப் படிப்புகளுக்கான காட்-பி (GAT-B) ஆகிய நுழைவுத் தேர்வுகள் உண்டு. பிறகு நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டத்தோடு சேர்த்துப் பத்தாண்டு ஆகும். திருமணப் பேச்சை அதற்கேற்பத் தள்ளிவைக்க வீட்டில் மனம் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பேசி முடியுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் அங்கே தம் கையால் வேலை செய்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும்.