அழித்த எட்டு வரிகள்

அன்புள்ள அண்ணா,

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். போக வர பஸ்ஸில் ஹிப்ஹாப்தான் துணை. ஆனால் யூடியூப் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பாட்டைத்தான் காட்டுகிறது. ஹிப்ஹாப் தமிழா, 'என்ஜாய் எஞ்சாமி', ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' எல்லாம் மனப்பாடம். இதற்கு மேல் யாரைக் கேட்பது? எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். எங்கள் மாமா "இது பாட்டா, சண்டையா?" என்று கேட்கிறார். நானும் ஒரு எட்டு வரி எழுதிப் பார்த்தேன். மலையாளம் கலந்து கிடக்கிறது, தமிழ் மாதிரியே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். அழித்துவிட்டேன்.

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரமானது. பாட்டுகளைச் சொல்கிறேன். ஆனால் அந்த எட்டு வரியை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் பொறுக்கியிருக்கிறேன்.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். பள்ளியில் படிக்கும்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனேன். "பையன் பேச்சில் மலையாள வாடை அடிக்குது" என்று சொல்லி நடுவர் மார்க்கைக் குறைத்தார். கல்லூரிக்குக் கேரளப் பக்கம் வந்தால் என் பெயர் 'பாண்டி', தமிழர்களை அங்கே கேலியாக அழைக்கும் பெயர். பல வருடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். ராப் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது. எந்த எழுத்தை இழுக்கிறார், எதை விழுங்குகிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் ஒருவரின் ஊரிலிருந்து வருவது. ராப்பில் அதுதான் தாளத்தோடு மோதி அழகாகிறது. அந்த வாடையைத் துடைத்தால் பாட்டே மிஞ்சாது.

உங்களுக்கு மலையாளம் தெரியும் என்பதால் முதலில் 'நேட்டிவ் பாப்பா' என்ற மலையாளப் பாட்டைக் கேளுங்கள். பாப்பா என்றால் குழந்தை இல்லை. மலபார் முஸ்லிம்கள் அப்பாவை அழைக்கும் சொல், நம் பக்கத்து 'வாப்பா' மாதிரி. முஹ்சின் பராரி உருவாக்கியது, வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. தீவிரவாதி என்று முத்திரை குத்தப்பட்டு இறந்துபோன ஒரு பையனைப் பற்றி அவன் தகப்பன் பேசுகிறார். பேசுவது நடிகர் மாமுக்கோயா. சினிமாவில் அவருடைய கோழிக்கோட்டுப் பேச்சைக் கேட்டாலே நாம் சிரிக்கத் தயாராகிவிடுவோம். இங்கே அதே பேச்சு, அதே இழுப்பு, ஆனால் தொண்டையை அடைக்கிறது. அவர் பேச்சுக்கு நடுவே ராப் வந்து சேர்கிற இடத்தில் கவனியுங்கள்: கிழவர் மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார், இளைஞனின் குரல் அந்த இடைவெளியில் கோபமாக இறங்கும். மாமுக்கோயா 2023-இல் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு எந்தச் சினிமாவுக்கும் முன்னால் இதுதான் ஞாபகம் வருகிறது. அந்த ராப் குரல் 'ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ்' குழுவைச் சேர்ந்தது. 2009-இலிருந்து இருப்பவர்கள், மலையாள ராப் இன்றைக்கு இவ்வளவு பெரிதாவதற்கு முன்பே உழைத்தவர்கள். அவர்களுடையது எது கிடைத்தாலும் கேட்கலாம்.

தமிழில், 'என்ஜாய் எஞ்சாமி' பிடித்திருந்தால் அதில் ராப் செய்த அறிவு என்பவர் அதற்கு முன் 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து செய்த 'தெருக்குரல்' ஆல்பத்துக்குப் போங்கள். அறிவு அரக்கோணத்துக்காரர், அவரும் நம்மைப் போல ஒரு எல்லைப் பக்கத்து ஆள்தான், ஆந்திர எல்லை. அப்புறம் மலேசியா. யோகி பி, நட்சத்ரா குழுவின் 'மடை திறந்து' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது இருக்கும் 'வல்லவன்' என்ற 2006 ஆல்பத்தை முழுக்கக் கேட்டவர்கள் குறைவு. அதற்கும் முன்னால் தொண்ணூறுகளில் யோகி பி இருந்த குழு 'பொயட்டிக் அம்மோ'. ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் என்று நான்கு மொழியில் ராப் செய்தார்கள். மொழி கலந்துவிட்டது என்று வருத்தப்பட்டீர்களே, அவர்கள் அதையே முதலாக வைத்துக் கடை போட்டவர்கள்.

பாலக்காடு மாவட்டத்தில் இருந்துகொண்டு 'மிருதங்கம் ராப்ஸ்' கேட்காமல் இருக்கக் கூடாது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பெயரிலேயே இருக்கும் மண் இது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் ராப் செய்ய, யாஞ்சன் மிருதங்கம் வாசிக்கும் சிறு சிறு வீடியோக்கள். பீட் கிடையாது, மிருதங்கம்தான். சொற்கள் ஆங்கிலம். புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லும் அடியும் ஒன்றாக வந்து விழுகிற இடங்களை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். ஷானின் 'மேட் இன் ஜாஃப்னா' 2021-இல் வந்தது, அடுத்து அதற்குப் போகலாம்.

இனி ஆங்கிலம். கொஞ்சம்தான் வரும் என்கிறீர்கள். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அகராதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். ஈசாப் ராக் என்ற அமெரிக்கர் 2001-இல் வெளியிட்ட 'லேபர் டேஸ்' ஆல்பத்தில் உள்ள 'நோ ரிக்ரெட்ஸ்'. அவருடைய மற்றப் பாட்டுகள் ஆங்கிலக்காரர்களுக்கே கடினம். இது மட்டும் கதை மாதிரி இருக்கும். லூசி என்று ஒருத்தி. ஏழு வயதில் நடைபாதையில் சாக்பீஸால் படம் வரைகிறாள், யாரோடும் விளையாடுவதில்லை. அடுத்த பத்தியில் அவளுக்கு முப்பத்தேழு வயது, வரைந்துகொண்டே இருக்கிறாள். கடைசியில் எண்பத்தேழு, படுக்கையில் கிடக்கிறாள். தன் வாழ்க்கையில் கனவு என்று ஒன்று இருந்ததே இல்லை என்கிறாள். செய்ய ஆசைப்பட்டும் செய்யாமல் விட்டதைத்தானே கனவு என்கிறோம், நான் நினைத்ததைச் செய்துகொண்டுதான் இருந்தேன் என்பது அவள் கணக்கு. நான்கு நிமிடத்தில் ஒரு முழு ஆயுள். முதல் முறை கேட்டபோது வாளையார் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸுக்கு நான் வைத்திருப்பது கா. பெயரே அவ்வளவுதான், கா. நியூயார்க் புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் பகுதியைச் சேர்ந்தவர். அங்கே தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தவர். நெருப்பை அணைத்துவிட்டு வந்து பாட்டு எழுதினார், ஆல்பங்களைத் தானே வெளியிட்டார். 'கிரீஃப் பெடிகிரீ' 2012-இல் வந்தது. பல பாட்டுகளில் டிரம்ஸே காதில் விழாது. ரகசியம் சொல்வதுபோல் பேசுவார். முதலில் சப்பென்று இருக்கும். சத்தம் நிறைந்த இடத்தில் கேட்காதீர்கள், பஸ் காலியாக இருக்கும் விடியற்காலையில் கேளுங்கள். 2024 அக்டோபரில், 52 வயதில் இறந்துபோனார். வேலைக்குப் போய்க்கொண்டே இப்படி எழுத முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு இவரைவிட நல்ல ஆள் தெரியாது.

இன்னும் இரண்டு. சிலி நாட்டு அனா டிஷூவின் '1977', அவர் பிறந்த வருடம் அது. ஸ்பானிஷ் எனக்கும் தெரியாது. குரல் ஒன்றே போதும். நம் பக்கத்து மலையைப் பற்றியது சோஃபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோன்ட்', 2015. 2001-இல் மூடப்பட்ட யூனிலீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ராப் செய்திருப்பார். அடுத்த வருடம், 2016-இல், யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல வருடம் போராடியவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். ஆனால் அவர்களை வெளியுலகம் திரும்பிப் பார்க்க இந்தப் பாட்டு உதவியது.

சரி, மாமா. அவரோடு சண்டை போடாதீர்கள். கோயில் நோன்பில் உடுக்கையடிக் கதை கேட்டிருப்பார். பூசாரி பாதி பாடுவார், பாதி பேசுவார், உடுக்கை வேகமெடுத்தால் மூச்சு விடாமல் கொட்டுவார். அதை மாமா பாட்டு என்றுதானே சொல்வார்? ராப் நம்மிடமிருந்து போனது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, நியூயார்க் பிராங்க்ஸில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க சின்டி கேம்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். அவள் அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க், அதில் இசைத்தட்டு ஓட்டினார். பாட்டில் ஆட்டம் சூடு பிடிக்கும் டிரம்ஸ் பகுதியை மட்டும் நீட்டி நீட்டிப் போடுவது அவர் கண்டுபிடித்த வழி. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். தங்கைக்குத் துணி எடுக்கத் தொடங்கியது என்று சொல்லிப் பாருங்கள், மாமா கொஞ்சம் இறங்கி வருவார்.

அந்த எட்டு வரி உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், எழுதியவருக்கு மறக்காது. இந்த வாரம் திரும்ப எழுதுங்கள். மலையாளச் சொல் எங்கே வந்ததோ அங்கேயே இருக்கட்டும். தாளத்தில் உட்காராத சொல்லை மட்டும் மாற்றுங்கள். போனிலேயே சொல்லிப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், பின்னால் பஸ் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணன்