உறுதிமொழி எடுத்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் வழிபாட்டுக் குழுவினர் ஓர் அநீதியை எதிர்த்து மறியலில் உட்காரப் போகிறோம். 'யார் அடித்தாலும் திருப்பி அடிக்க மாட்டோம்' என்று உறுதிமொழியும் எடுத்தாயிற்று. இதற்குப் பயிற்சி வேறு தேவையா?

ப: கட்டாயம் தேவை. கன்னத்தில் அறை விழும்போது கை தானாக எழும். உறுதிமொழி எடுத்தது வாய்தானே, கை இல்லையே!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த கடைகளின் உணவு மேடைகளில் 1960 பிப்ரவரியில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே மெதடிஸ்ட் போதகர் ஜேம்ஸ் லாசன் ஒரு தேவாலயத்தில் வைத்து அவர்களைத் தயார் செய்திருந்தார். நாக்பூரில் தங்கியிருந்த ஆண்டுகளில் காந்திய வழியைக் கற்றவர் அவர். பயிற்சியில் சிலர் நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று இனப்பெயர் சொல்லித் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து பிடித்து இழுப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். திட்டுகிற இடத்திலும் நின்று பார்ப்பது முக்கியம். எதிரே நிற்பவனின் வெறி எப்படி ஏறுகிறது, எந்த இடத்தில் தணிகிறது என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

நீங்கள் செய்வதானால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். பாதிப்பேர் உட்காரட்டும், பாதிப்பேர் தாக்கட்டும். எதிலும் சேராத ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். விசில் அடித்தால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும். விழுந்தால் முழங்காலை மடக்கி, இரு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொள்வதைத் தனியாகப் பழக்குங்கள். சுற்று முடிந்ததும் 'கை எங்கே போயிற்று, எந்தச் சொல் சுட்டது?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பலர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். பாதிப் பயிற்சி இதில்தான் இருக்கிறது.

எங்கே கெடும்? தெரிந்தவர்களே தாக்குவதால் சிரிப்பு வந்துவிடும். அறிமுகமில்லாதவர்களை ஜோடி சேருங்கள். சாதி, உடல் பற்றிய வசவுகள் பழைய காயத்தைக் கிளறும். எதுவரை போகலாம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கோபம் அடங்கவே அடங்காது. அவர்களை மறியலுக்கு அனுப்பாதீர்கள். வண்டி, தொலைபேசி, வழக்கறிஞர், ஜாமீன்தாரர் என்று வெளியே வேலை நிறைய உண்டு, அதில் இழிவும் இல்லை.

விதிகளை எழுதிக் கையில் கொடுங்கள். நாஷ்வில் மாணவர்களிடம் இருந்த தாளில் 'அடித்தாலும் திட்டினாலும் திருப்பாதே, நேராக உட்கார், முகம் மேடையைப் பார்த்தே இருக்கட்டும், பெரிய சம்பவம் எதுவானாலும் பொறுப்பாளரிடம் சொல்' என்ற அளவில்தான் இருந்தது. பிப்ரவரி 27 அன்று கும்பல் தாக்கியபோது போலீஸ் கைது செய்தது உட்கார்ந்திருந்த மாணவர்களைத்தான், 80 பேருக்கு மேல். ஒரு அணியைக் கொண்டுபோனதும் அடுத்த அணி வந்து உட்கார்ந்தது. மே 10 அன்று கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கின. உங்களிடம் இரண்டாவது அணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கே: ஓட்டெடுப்பு வைத்தால் குழு இரண்டாக உடைகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டே முடிவெடுக்க வழி உண்டா?

ப: குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் செய்கிறார்கள். கூட்டம் மௌனத்தில் தொடங்கும். ஒருவர் பேசியதும் அடுத்தவர் உடனே பாய மாட்டார், சற்று இடைவெளி விடுவார். யாரும் ஒருவருக்கொருவர் வாதாடுவதில்லை. கூட்டத்தை நடத்துபவரை நோக்கியே பேசுவார்கள். அவர் தன் கருத்தை நுழைக்காமல், கூட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதை இரண்டு மூன்று வரியில் எழுதி அங்கேயே வாசிப்பார். திருத்தம் இருந்தால் அங்கேயே திருத்தப்படும். 'எனக்கு உடன்பாடில்லை, ஆனால் தடுக்கவில்லை' என்று ஒருவர் ஒதுங்கி நிற்கலாம்.

மற்றக் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், மறுவாரம் ஆளுக்கொரு முடிவு நினைவில் இருக்கும்.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே ஜெர்மன்டவுனைச் சேர்ந்த குவேக்கர்கள் சிலர் அடிமை முறையைக் கண்டித்து 1688இல் மனு எழுதினார்கள். உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் விதித்தது 1776இல். 88 ஆண்டுகள்! அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. ஆகவே யாராவது இப்போதே அடிபட்டுக்கொண்டிருக்கும் விஷயத்தில் தேதி குறியுங்கள். அதற்குள் ஒருமித்த முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

கே: பூமிதானத்தில் கொடுத்த நிலம் நிறைய ஏழைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்கிறார்களே, ஏன்?

ப: உண்மைதான். நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு வாங்கி, நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க காந்தியவாதி வினோபா பாவே நடத்திய இயக்கம் அது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் குடும்பங்கள் வினோபாவிடம் 80 ஏக்கர் கேட்டன; நிலவுடைமையாளர் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்தார். அங்கிருந்து 5 கோடி ஏக்கர் என்ற இலக்கு வரை போனது. 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்குறுதியும் வந்தது. ஆனால் அதில் பாறை, காடு, வழக்கில் கிடந்த நிலம் எல்லாம் கலந்திருந்தன. தானம் அறிவித்த நாளுக்கும் பிரித்துக் கொடுத்த நாளுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடின. அதற்குள் வாரிசுகள் உழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று யாராவது உங்கள் அமைப்புக்கு நிலம் தருவதாகச் சொன்னால் கை தட்டுவதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் பாருங்கள். நிலத்தை நடந்தே அளந்து, உழுதுகொண்டிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். இந்தியச் சட்டப்படி நிலத்தைத் தானமாகக் கொடுக்கும் பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பத்திரம் பதிவாக வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றிருக்க வேண்டும். மேடையில் கொடுத்த வாக்கு செல்லாது.

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போன கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரும் காந்திய சர்வோதய இயக்கத்தில் ஊறியவர்கள், பூமிதானத்தின் ஓட்டைகளைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர அவர்கள் 1981இல் தொடங்கியது 'லாஃப்டி' அமைப்பு. அதில் அவர்கள் தானத்தை மட்டும் நம்பவில்லை. நிலவுடைமையாளரோடு விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள்.

கே: கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கினால் மற்ற மதத்தாரும் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். விட்டுவிடலாமா?

ப: முதல் மூன்று நிமிடம் மௌனம் வையுங்கள். பாட்டும் வேதமும் வேண்டியவர்கள் அரை மணி முன்னதாக வந்து முடித்துக்கொள்ளட்டும். பல மத வாசகங்களையும் படிப்பது உங்கள் வழக்கமானால், ஒருவர் முணுமுணுக்கிறார் என்பதற்காக ஒரு மதத்தின் வரியை மட்டும் வெட்டாதீர்கள். 1947இல் தில்லியில் குர்ஆன் வாசகத்துக்கு ஆட்சேபம் வந்தபோது காந்தி அதை மட்டும் நீக்க மறுத்து, அன்றைய பிரார்த்தனையையே நிறுத்தினார்.