பயிற்சிக்கால அனுபவக் கட்டுரை வேலைப் பட்டியலாகவே வருகிறது: பதில்

மழலையர் கல்விக் கொள்கை ஆய்வில் நீங்கள் பெற்ற பயிற்சி பற்றிய கட்டுரை, செய்த வேலைகளின் பட்டியலாகவே வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வாரவாரியாக எழுதுவதை விட்டுவிடுங்கள். மழலையர் கல்விக் கொள்கை பற்றி உங்கள் எண்ணம் மாறிய ஓர் இடத்தை மட்டும் எடுத்து, அதைச் சுற்றியே கட்டுரையை அமையுங்கள். "படித்தேன், தொகுத்தேன், அட்டவணையிட்டேன்" என்றே வருவதற்குப் பணிக்குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவது காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு பத்தியிடமும் "இதற்கு முன் நான் என்ன நம்பினேன்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத பத்தியைத் தயங்காமல் நீக்குங்கள்.

முன்பள்ளிக் கல்வி ஏழைக் குழந்தைகளின் பிற்கால வாழ்வை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த, நீங்கள் குறிப்பிட்ட பெர்ரி முன்பள்ளி ஆய்வு நல்ல தொடக்கம். 1962இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய அதில் 123 குழந்தைகள்தான்; 58 பேருக்கே முன்பள்ளி கிடைத்தது. இத்தனை சிறிய ஆய்வின்மேல் எவ்வளவு பெரிய கொள்கை வாதங்கள் நிற்கின்றன! அது உங்களை உறுத்தியிருந்தால் அதையே எழுதுங்கள்.

வெளியாகாத தரவையோ நேர்காணலில் பேசியவர்களின் அடையாளத்தையோ மேற்பார்வையாளரின் அனுமதியின்றிச் சேர்க்காதீர்கள்.