தோள்சீலையும் பால் செம்பும்

அன்புள்ள அண்ணாச்சி,

மகள் நாகர்கோவிலில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் பாலியலும் சமூகமும் என்று ஒரு பேப்பர். மேசையில் புத்தகத்தைப் பார்த்த என் மைனி, "இதையெல்லாமா காலேஜுல சொல்லித் தாறாங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். இது டாக்டர்கள் பார்க்கவேண்டிய விஷயம் இல்லையா?

கே., தக்கலை

அன்புள்ள கே.,

டாக்டர் உடம்பைப் பார்ப்பார். அந்த உடம்பில் எது மானம், எது மானக்கேடு என்று ஊர் எப்படி முடிவு செய்கிறது என்பது அவர் கேஸ் இல்லை.

தக்கலைக்குப் பக்கத்திலேயே இரணியல் இருக்கிறது. 1820களிலும் மறுபடி 1858-59இலும் அந்த வட்டாரத்தில் நடந்த தோள்சீலைக் கலகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாடார் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். மறைத்தவர்களின் சீலையைப் பொது இடத்தில் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டித்தான் கொடுத்தார். இன்று அதே ஊரில் ஷால் போடாமல் ஒரு பெண் போனால் திண்ணையில் பேச்சு ஓய்வதில்லை. அன்று மறைத்தது திமிர், இன்று மறைக்காதது திமிர். நடுவில் சாதியும் மிஷன் சபையும் அரசாணையும் என்னென்ன செய்தன என்று தோண்டுவது சமூகவியலாளர் வேலை.

எப்படித் தோண்டுகிறார்கள்? அமெரிக்காவில் கின்சி என்பவர் ஆயிரக்கணக்கானவர்களிடம் அவர்கள் பாலியல் பழக்கங்களை நேரில் கேட்டு 1948இலும் 1953இலும் இரண்டு புத்தகம் போட்டார். அவர் விலங்கியல்காரர். தானாக முன்வந்தவர்களையே அதிகம் கேட்டதால் அந்தக் கணக்கை ஊருக்கே பொருத்த முடியாது என்ற குறை இன்றும் உண்டு. எனக்குப் பிடித்தது காக்னான், சைமன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973இல் சொன்னது. நாடகத்துக்கு வசனம் மாதிரி, ஆசைக்கும் சமூகம் வசனம் எழுதித் தருகிறது என்றார்கள். சரி, முதலிரவில் பால் செம்போடு உள்ளே போகவேண்டும் என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?

நம் ஊரில் கேள்விப்படிவத்தோடு போவது லேசு இல்லை. மாமியார் கதவோரம் நின்றால் மருமகள் எல்லாவற்றுக்கும் "ஒண்ணும் இல்ல" என்பாள். தேசியக் குடும்பநல ஆய்விலேயே, வீட்டு வன்முறை பற்றிய கேள்விகளைத் தனிமை கிடைத்தால் மட்டும்தான் கேட்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

மைனியோடு சண்டை வேண்டாம். அடுத்த தடவை வரும்போது, அவர் பாட்டியின் அம்மா ரவிக்கை போட்டிருந்தாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.