மெட்ராஸ் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலை எப்போது ஒரு தொழிலாக மாறியது?

நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றைக்கும் இருந்தது. வீட்டுப் பெண்களும் ஊர் மருத்துவச்சியும் அதைச் செய்தார்கள். அதே வேலைக்குப் பயிற்சி, தேர்வு, சான்றிதழ், சம்பளம் எல்லாம் வந்தபோதுதான் அது தொழில் ஆனது.

ஏன் வந்தது? முதல் காரணம் ராணுவம்தான். 1850-களில் பிரிட்டனும் கூட்டாளிகளும் ரஷ்யாவோடு நடத்திய கிரிமியப் போரில் காயத்தைவிட நோயில் செத்த சிப்பாய்கள்தான் அதிகம். சுத்தமும் கவனிப்பும் சரியாக இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையிலும் இதே கதை.

மெட்ராஸில் முதலில் பிரசவ மருத்துவமனையில், 1854-இல், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்.சில் 1871-இல் நர்ஸ் பயிற்சி வந்தது. அப்புறம் 1926-இல் மெட்ராஸ் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பெயரைப் பதிவு செய்யும் முறையும் ஏற்பட்டது.

பயிற்சியால் என்ன மாறியது? டிப்போவில் ஷிப்ட் முடிக்கும் கண்டக்டர் டிக்கெட் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே போகிறார்? அதுபோல, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் எவ்வளவு, எந்த மருந்து கொடுத்தோம் என்று கட்டில் அருகே இருக்கும் சார்ட்டில் எழுதிவைத்தால், காலையில் வருபவர் நோயாளியை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ஊசி போடுவதைவிட இந்த எழுத்து வேலைதான் பெரிய மாற்றம்.

கிரிமியப் போரில் சிப்பாய்களைக் கவனித்துப் புகழ்பெற்ற ஆங்கிலேய நர்ஸ் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இங்கே வந்து இதையெல்லாம் தொடங்கினார் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவைப் பற்றி ஏராளமாக எழுதிய அவர், இங்கே ஒருமுறைகூட வந்ததில்லை.