ஆர்மரர் வேலைக்குப் போலாமாண்ணா?

கேள்வி: வணக்கம்ங்கண்ணா, ஏற்காடு நாகலூர்ல இருந்து எழுதறேன். ஐடிஐல ஃபிட்டர் முடிச்சிட்டு இப்ப சேலத்துல ஒரு லேத் பட்டறைல இருக்கேன். மிலிட்டரில துப்பாக்கி சர்வீஸ் பண்ற ஆர்மரர் வேலைக்கு போகணும்னு ரொம்ப நாள் ஆசை. எப்படி சேர்றது, வெளிய வந்தா பொழப்பு ஓடுமா? அம்மா துப்பாக்கின்னாலே வேண்டாங்கறாங்க.

பதில்: தம்பி, நான் இஎம்ஈ-ல ஆர்மரரா இருந்துட்டு வந்தவன், அதான் உன் லெட்டர என்கிட்ட தள்ளிவிட்டுட்டாங்க. இஎம்ஈ-ன்னா ஆர்மியோட ரிப்பேர் பட்டாளம், 1943 அக்டோபர் 15-ல ஆரம்பிச்சது, டேங்க், பீரங்கி, ரேடார், லாரி எல்லாம் அவங்க பாடு, அதுல ரைஃபிள், எல்எம்ஜி (லேசான மெஷின் கன்) மாதிரி சின்ன ஆயுதம் ஆர்மரர் தலைல.

சினிமா பாத்துட்டு வராத, இதுல சுடறது கம்மி, அளக்கறது தான் ஜாஸ்தி. பழைய .303 ரைஃபிள் கேள்விப்பட்டிருப்ப. அதுல ஹெட்ஸ்பேஸ் பாக்கறதுன்னு ஒண்ணு, தோட்டாவோட அடி விளிம்பு உக்கார்ற எடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் (போல்ட்ங்கறது குழல பின்னாடி மூடற பாகம்) நடுவுல எவ்ளோ எடம் இருக்குன்னு பாக்கறது. 0.064 இன்ச் கேஜ் (அளவு பாக்கற துண்டு) போட்டா போல்ட் மூடணும், 0.074 போட்டா மூடவே கூடாது. நடுவுல இருக்கறது கால் மில்லிமீட்டர், நோட்டு பேப்பர் ரெண்டு மூணு அடுக்குன கனம், அது தாண்டிடுச்சுன்னா தோட்டாக் கூடு கிழிஞ்சு சூடான வாயு சுடறவன் மூஞ்சிக்கு அடிக்கும். போல்ட்ட விரல் நுனியால மெதுவா இறக்கணும், அழுத்தி மூடிப் பாத்தீன்னா கேஜ் பொய் சொல்லும், லேத்துல உக்காந்து பழகுன கை உனக்கு இங்க தான் உதவும்.

மலை போஸ்ட்ல இருந்தப்ப ஒரு நாள் பசங்க தோட்டா கோளாறு, வெடிக்கலன்னு கத்தறாங்க. எடுத்து தோட்டா பின்னாடி இருக்கற, இடிச்சா பத்திக்கற கேப்ப பாத்தேன், ஃபயரிங் பின் இடிச்ச குழி நகத்துல கீறுன மாதிரி லேசா கெடக்கு. தோட்டா மேல தப்பில்ல, எவனோ நல்ல மனசுல கெட்டி ஆயில ஊத்தி வெச்சிருக்கான், குளிர்ல அது பாகு மாதிரி இறுகி ஃபயரிங் பின்ன வேகமா போக விடல, தொடச்சு கிட்டத்தட்ட காய வெச்சதும் ஓடிச்சு. (ஏற்காட்டு டிசம்பர் குளிரெல்லாம் குளிர்ல சேத்தியில்ல தம்பி.)

சேர்றது அக்னிவீர் டெக்னிக்கல் வழியா தான், பத்தாவது கூட ரெண்டு வருஷ ஐடிஐ இருந்தா அப்ளை பண்ணலாம், நம்ம சேலத்துக்கு கோயம்புத்தூர்ல இருக்கற ஆர்மி ஆள்சேர்ப்பு ஆபீஸ். ஆனா இத உன்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க, டெக்னிக்கல்னு எடுத்துட்டு எந்த ட்ரேடுன்னு அவங்க தான் போடுவாங்க, ஆர்மரர் தான் வேணும்னு அடம் புடிக்க முடியாது, வண்டி மெக்கானிக்கா போட்டாலும் போடுவாங்க. நாலு வருஷம், முடிஞ்சா நூத்துக்கு 25 பேர தான் நெரந்தரமா வெச்சுக்குவாங்க, மத்தவங்களுக்கு சேவா நிதின்னு வெளிய வரப்ப மொத்தமா குடுக்கற பணம் கிட்டத்தட்ட 11.71 லட்சம், பென்ஷன் கெடையாது. அப்பா அம்மாட்ட இத கணக்கு போட்டு சொல்லிட்டு கெளம்பு.

வெளிய வந்து கடை போடலாம்னு மட்டும் நெனைக்காத. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிய ரிப்பேர் பண்ணவே தனி லைசென்ஸ் வேணும். எஸ்டேட்காரரு காட்டுப்பன்னி வருது, இந்த ஒத்தக்குழல கொஞ்சம் பாருப்பான்னு கொண்டு வந்தா கூட தொடாத, நான் தொடறதில்ல, மூஞ்ச தூக்கி வெச்சுக்கறாங்க, வெச்சுக்கட்டும். ஆர்மரர்ங்கற பேருக்கு நம்மூர்ல மதிப்பு இல்ல, டாலரன்ஸ் (அளவு எவ்ளோ தள்ளிப் போகலாம்ங்கறது) தெரிஞ்ச ஃபிட்டர்னு சொன்னா இருக்கு. எனக்கு கேட்டா திருச்சி துப்பாக்கி ஃபேக்டரில அப்ரண்டிஸ் வந்தாலும் விடாதம்பேன், 1966-ல இருந்து ஓடுது, நம்மூர்ல இருந்து பஸ்ல போயிடலாம். ராணுவத் தளவாடத் தொழில் வளக்கறதுக்குன்னு போட்ட தமிழ்நாடு டிஃபென்ஸ் காரிடார் அஞ்சு ஊர்ல சேலமும் ஒண்ணு, அது இங்க எப்ப நெஜமா வேலையா மாறும்னு பாத்துட்டு தான் இருக்கேன்.

அம்மாட்ட சொல்லு, பயப்பட வேண்டியது குண்டுக்கு இல்ல, காதுக்கு. ரிப்பேர் பண்ண ஒவ்வொண்ணையும் டெஸ்ட் ஃபயர் பண்ணணும், சின்ன வயசு திமிர்ல இயர் ப்ளக் மாட்டாம நின்னேன். இப்ப ராத்திரி வீட்ல ஃபேன நிறுத்துனா வலது காதுல உங்க நாகலூர் சில்வண்டு மொத்தமும் கத்துது.